வீட்டு வாய்

அலுவலகத்தில் என் பட்டப்பெயர் சந்தேகம். நான் உள்ளே நுழைந்ததும் "சந்தேகம் வந்தாச்சு" என்று யாராவது ஒருவர் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். இருபத்தாறு வருடமாக இதே ஜோக்குதான். நானும் இருபத்தாறு வருடமாகச் சிரித்துவைக்கிறேன், வேறு என்ன செய்வது? என் வேலை அப்படிப்பட்டது. நாங்கள் பேச்சுத் தமிழுக்கு ஓர் அகராதி செய்கிறோம். இன்றைக்கு மனிதர்கள் வாயால் சொல்கிற சொல் மட்டும்தான் அதில் ஏறும். தெருத் தெருவாக அலைந்து பேச்சைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவது வேறு ஆளின் வேலை. எழுதி வந்ததை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பது என் வேலை.

எழுதி வருவதற்குச் சீட்டு என்று பெயர். உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. மூலையில் சொல் இருக்கும். நடுவில் அந்தச் சொல் வந்த வாக்கியம், சொன்னவர் வாயில் வந்தது வந்தபடி. கீழே சொன்னவர் என்ன தொழில், எந்தத் தெரு, என்ன தேதி. அதற்கும் கீழே இடப்பக்கம் சேகரித்தவரின் எண், வலப்பக்கம் சரிபார்த்தவர் கையெழுத்து. வலப்பக்கம் முழுக்க நான்தான். இப்படி நாற்பதாயிரம் சீட்டு எங்கள் மர இழுப்பறைகளில் இருக்கிறது. மழைக்காலத்தில் இழுப்பறை உப்பிப்போய்த் திறக்காது, அப்போது மட்டும் அகராதி வேலை நின்றுபோகும்.

எங்கள் பதிப்பாசிரியருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, முற்றுப்புள்ளி. எந்த விவாதமானாலும் கடைசி வார்த்தை அவருடையது, அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது. அவர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். முதலாவது, வீட்டு வாய் ஆகாது. அதாவது இங்கே வேலை செய்கிறவர்களின் பேச்சையும், அவர்கள் வீட்டார் பேச்சையும் சீட்டில் எழுதக் கூடாது. அகராதிக்காரன் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல் தொற்றிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. சளி பிடிப்பது போலப் பேசுகிறாரே என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டாவது விதி, ஒருவருடைய சீட்டில் ஒன்று பொய் என்று தெரிந்தாலும் அவர் கட்டு முழுவதும் வெளியே. ஒன்றில் கயிறு திரித்தவர் மற்றதில் திரிக்கவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? இந்த விதியை ஒரு தடவை நடத்தியும் காட்டினார். பகுதி நேரமாகச் சேகரித்த ஓர் ஆசிரியர் இரண்டு சீட்டு சொந்தமாக எழுதியிருந்தார். அவருடைய தொள்ளாயிரம் சீட்டும் பின்னறைக்குப் போயின. அவற்றை நூல் போட்டுக் கட்டியவன் நான்தான். கட்டும்போது அந்த ஆளை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

இழுப்பறையில் இருக்கும் நாற்பதாயிரத்தில் பதினோராயிரம் சீட்டு ஒரே ஆளுடையவை. அவரை எல்லோரும் காது என்பார்கள், நான் அக்கா என்பேன். என்னைவிட நாலு வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். பேருந்தில் பின் இருக்கையில் இரண்டு பேர் சண்டை போட்டால் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். ஒவ்வொரு சீட்டுக்கும் தனக்கு ஒரு முகம் தெரியும் என்பது அவர் பெருமை. நாங்கள் சோதித்தும் பார்த்திருக்கிறோம். கண்ணை மூடி ஒரு சீட்டை உருவிப் படித்தால், அது மீன் வெட்டுகிற பெண் சொன்னது, முன்பல் ஒன்று தங்கம், அன்றைக்கு அவள் மகனுக்குப் பரீட்சை என்று அடுக்குவார். ஒரு தடவைகூடத் தடுமாறி நான் பார்த்ததில்லை.

இனி என் கதை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் 'துணி' என்ற சொல்லை எழுத வேண்டி வந்தது. கடையில் வாங்குகிற துணி ஒன்று. பயத்தை விட்டுவிட்டுத் துணிகிற துணி இன்னொன்று. இவை இரண்டு சொல்லா, ஒரு சொல்லின் இரண்டு பொருளா? இரண்டு என்றால் தனித்தனித் தலைப்பு, ஒன்று என்றால் ஒரே தலைப்பின் கீழ் இரண்டும் வர வேண்டும். சாதாரண மனிதர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, தெரியும். நானும் முற்றுப்புள்ளியும் இதற்காக ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

ஒரே சொல் என்பது என் கட்சி. பழைய நூல்களில் துணித்தல் என்றால் வெட்டுதல். தறியிலிருந்து வெட்டி எடுத்தது துணி. தயக்கத்தை வெட்டிப் போட்டவன் துணிந்தவன். துண்டுகூட அவர்கள் பங்காளிதான். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறதே என்றேன். முற்றுப்புள்ளி மறுக்கவில்லை. ஆனால் இது பழைய நூல் அகராதி இல்லை என்றார். வெட்டுவதற்குத் துணி என்று இன்றைக்கு யாராவது பேசினால்தான் அந்தக் கண்ணி எங்கள் அகராதியில் வரும், இல்லாவிட்டால் இரண்டு தலைப்புதான்.

"புத்தகத்துல இருக்கறது எனக்கும் தெரியும். இன்னைக்கு யார் வாயில இருக்கு? ஒரே ஒரு வாயைக் கொண்டு வாங்க."

அந்த வாய் என் வீட்டிலேயே இருந்தது. என் மனைவி தையல்காரி. எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் இயந்திரம், ஒரு நீள மேசை, பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும்தான் அதிகம் வரும். கூடத் தைக்கும் பெண்ணிடம் அவள் "அந்த ஓரத்தை நேரா துணிச்சுடு", "ரெண்டு விரக்கடை விட்டுத் துணி" என்று சொல்வது என் காதில் அன்றாடம் விழும். சாக்கட்டியால் கோடு போட்டு முடித்ததும் அவள் வாயில் வருவது அந்தச் சொல்தான். முற்றுப்புள்ளி ஒரே ஒரு வாய் கேட்டார், என்னைத் தினமும் காபிக்குக் கூப்பிடும் வாயே அதுதான், ஆனால் வீட்டு வாய். எழுத முடியாது.

அந்தச் சமயத்தில் அக்கா இரண்டு மாதம் விடுப்பில் போனார். அவருடைய அம்மாவுக்கு மறதி நோய். முதலில் சாவி, பிறகு வழி, கடைசியில் மகள் என்று ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வந்தார். போகும்போது அக்கா தன் குறிப்பேடுகளை என்னிடம் கொடுத்து, "தம்பி, சீட்டாக்கி வெச்சிடுங்க, உங்களைத் தவிர வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்" என்றார். நானும் உட்கார்ந்து எழுதினேன். சீட்டு எழுதிய பிறகு குறிப்பேட்டைக் கிழித்துப் போடுவது எங்கள் வழக்கம். வைத்துக்கொள்ள இடம் இல்லை. அப்படி எழுதிக்கொண்டு வரும்போது 6,118 என்ற வரிசை எண்ணை அக்கா தவறுதலாக விட்டிருந்தார். 6,117க்குப் பிறகு 6,119. நடுவில் ஓர் இடம் காலி.

அந்தக் காலி இடத்தில் என் மனைவியின் வாக்கியத்தை எழுதினேன். சொன்னவர்: தையல்காரர், ஆண், சுமார் ஐம்பது. இடம்: பேருந்து நிலையத்துக்கு எதிர்த் தெரு, மாடிக் கடை. தேதி ஒன்று போட்டேன். இடப்பக்கம் அக்காவின் எண், வலப்பக்கம் என் கையெழுத்து. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சொல் உண்மை, வாக்கியம் உண்மை, பேசிய ஆளை மட்டும் மாற்றினேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற வெறி, அவ்வளவுதான். பூசி மெழுகுவதற்கு ஒன்றும் இல்லை.

முற்றுப்புள்ளி சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். துணிக்கு ஒரே தலைப்பு எழுதி, அந்தச் சொல் வந்த வழியையும் தன் கையால் எட்டு வரியில் எழுதிச் சேர்த்தார். அகராதியில் அவருக்கு ரொம்பப் பிடித்த பத்தி அதுதான். வெளியாள் யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவார். அக்காவின் அம்மா இறந்து, அவர் வேலைக்குத் திரும்பி வந்தபோது அந்தச் சீட்டு இழுப்பறைக்குள் போய்விட்டிருந்தது. அவருக்கு அதைப் பற்றித் தெரியாது. எனக்கும் போகப் போக மறந்துபோயிற்று என்றே சொல்ல வேண்டும்.

இந்த வருடம் இரண்டாம் பதிப்பு. இப்போதெல்லாம் அகராதி கணினியிலும் வர வேண்டுமாம், சொல்லைத் தொட்டால் பேசியவர் குரலும் கேட்க வேண்டுமாம். மாதிரிப் பக்கமாக முற்றுப்புள்ளி எதை எடுப்பார்? துணியைத்தான் எடுத்தார். அக்காவைக் கூப்பிட்டு ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் கொடுத்து, அந்த மாடிக் கடைத் தையல்காரர் இருந்தால் அவர் குரலை, இல்லாவிட்டால் அவர் பிள்ளைகள், கூடத் தைத்தவர்கள் யாருடைய குரலையாவது பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். பக்கத்து மேசையில் உட்கார்ந்து இதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். நான் குனிந்து என் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மூன்று நாள் போய் வந்தார். நாலாவது நாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த முகம் எனக்கு வரவே மாட்டேங்குது."

பதினைந்து வருடம் ஆயிற்றே, யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும் என்றேன். தனக்கு இருக்கும் என்றார். அது ஒன்றும் தற்பெருமை இல்லை. கடையை இடித்திருப்பார்கள் என்றேன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் தண்ணீர்த் தொட்டி வளாகத்தின் சுவர் மட்டும்தான் தெரு முழுக்க இருக்கிறது, ஐம்பது வருடமாக அதே சுவர்தான், மாடியும் கிடையாது கடையும் கிடையாது என்றார். தெருப் பெயரை மாற்றி எழுதியிருப்பீர்கள் என்றேன். பேசப் பேச என் பொய் குட்டி போட்டுக்கொண்டே போனது. அவர் நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

மறுநாளிலிருந்து அவர் மேசையில் சின்னச் சின்னத் தாள்கள் முளைத்தன. 'கதவு பூட்டியாச்சு, 8.40.' 'மாத்திரை போட்டாச்சு.' 'கோப்பு சந்தேகத்திடம் கொடுத்தாச்சு.' காலையில் வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். இழுப்பறையிலிருந்து தன் பழைய சீட்டுகளை உருவி, சொன்னவர் விவரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, உதட்டை அசைத்துத் தனக்குத் தானே தேர்வு வைத்துக்கொண்டார். பதில் சரியாக இருந்தாலும் அவருக்குத் திருப்தி வரவில்லை. ஒரு நாள் என்னிடம் வந்து, நேற்று தன்னை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டது யார் என்று மெல்லக் கேட்டார். யாரும் விடவில்லை, நீங்களாகத்தான் போனீர்கள் என்றேன். "அப்படியா? சரி" என்று சொல்லிவிட்டு அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

இப்படி மூன்று வாரம். பிறகு அவரே முற்றுப்புள்ளியின் அறைக்குப் போனார். அந்த அறைக்கும் எங்களுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்புதான், பேசுவது எல்லாம் கேட்கும். ஒரு சீட்டுக்குத் தன்னால் பதில் சொல்ல முடியவில்லை, இல்லாத கடையைத் தன் எண்ணில் எழுதியிருக்கிறது, அப்படியென்றால் என்னை அறியாமல் இன்னும் எத்தனை எழுதியிருக்கிறேனோ தெரியாது என்றார். அம்மாவுக்கு முடியாமல் போன சமயத்து வேலை அது, அப்போதே தனக்கும் தொடங்கியிருக்க வேண்டும் என்றார். "விதி விதிதான் சார். என் கட்டை எடுத்துடுங்க." பதினோராயிரம் சீட்டு. எங்கள் அகராதியின் வயிறே அதுதான். வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருக்கலாம், அதற்குள் அந்தத் தையல்காரர் பற்றிய தடயம் ஏதாவது கிடைக்கிறதா பாருங்கள் என்றார் முற்றுப்புள்ளி. அன்று செவ்வாய்க்கிழமை.

வீட்டுக்குப் போகிற வழியில் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. இந்த மூளைதான் என்னை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது, ஆனாலும் இருப்பது அது ஒன்றுதானே. என் மனைவி ஓர் ஆளிடம் தையல் கற்றவள். சொல்லும் அவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவர் இப்போது இல்லை, ஆனால் அவரிடம் கற்ற வேறு நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைக் கண்டுபிடித்து அக்காவை அங்கே அனுப்பிவிட்டால் போதும். இவர்தான் அவர், முகவரிதான் தப்பாக விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அக்காவின் கட்டு பிழைக்கும், என் தலையும் தப்பும். வீட்டு வாசலை மிதிக்கும்போது விசில் அடித்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

அவள் மேசையில் சீருடைத் துணியை விரித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கூடத் தைக்கும் பெண் கிளம்பிவிட்டிருந்தாள். நான் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன். துணிச்சுடு துணிச்சுடு என்கிறாயே, அது உனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர் பேச்சுதானே?

"அவரா? அவரு நறுக்குன்னுதான் சொல்வாரு. வேற எதுவும் அவர் வாயில வராது."

அப்படியானால் வேறு கடையில் கேட்டிருப்பாய் என்றேன். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நீங்க சொன்னதுங்க அது."

நானா? எப்போது? எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை. அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிது. அவள் தனியாகக் கடை போட்டு வந்த முதல் வேலை ஒரு கோட்டு. வாடிக்கையாளர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கம்பளித் துணியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தப்பாக வெட்டினால் மாற்றுக்கு ஒரு முழம்கூடக் கிடைக்காது. கோடு எல்லாம் போட்டு முடித்துவிட்டு, கத்தரியை வைக்கப் பயந்து ஒரு மணி நேரம் அப்படியே நின்றிருக்கிறாள். நான் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்திருக்கிறேன். வழக்கம்போல வாய் சும்மா இருக்குமா? பழைய காலத்தில் துணி என்றாலே வெட்டுவதுதான், துணிவு என்பதும் அதுதான், ஒரே வேலைதான் என்று ஒரு பிரசங்கம் செய்திருக்கிறேன்.

"கடைசியில, 'துணி, ஒண்ணும் ஆகாது, நான் பக்கத்துலயே நிக்கறேன்'னு சொன்னீங்க. நிக்கவும் செஞ்சீங்க. நான் வெட்டி முடிக்கிற வரைக்கும் நின்னீங்க. அதுலேர்ந்து கத்தரி எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தைதான் வருது. கூடத் தைக்கிற பொண்ணும் என்னைப் பாத்து அப்படியே சொல்றா."

எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. கோட்டு ஞாபகம் இல்லை, பிரசங்கம் ஞாபகம் இல்லை, நின்றது ஞாபகம் இல்லை. முற்றுப்புள்ளியிடம் நான் கொண்டுபோய்க் கொடுத்த ஒரே ஒரு வாய் என் வாயேதான். நான் வீசிய சொல்லே சுவரில் பட்டுத் திரும்பி வந்திருக்கிறது, அதை யாரோ சொன்னது என்று காது கொடுத்துக் கேட்டு எழுதியிருக்கிறேன். சொல் உண்மை, ஆள் மட்டும்தான் பொய் என்று பதினைந்து வருடத்துக்கு முன்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானமும் போயிற்று. சளி பிடிப்பது போல என்று நான் கிண்டல் செய்த விதி சரியான விதிதான். எல்லாவற்றுக்கும் மேலே, மறந்துபோனவன் நான். மறதி வந்துவிட்டது என்று பயந்து தாள் தாளாக எழுதி ஒட்டிக்கொண்டிருப்பவர் அக்கா.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அக்காவை நினைத்துத்தான் வருத்தப்பட்டாள், அந்தம்மா பாவம் என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டே, "இனிமே வெட்டுன்னே சொல்லிக்கறேன், உங்களுக்குத்தான் அது தொந்தரவா இருக்கே" என்றாள். வேண்டாம், அப்படியே சொல் என்றேன். ஒரு சாயங்காலம் நான் சொன்னதை அவள் இத்தனை வருடம் கைவிடாமல் வைத்திருந்தாள், எனக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமா வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலை அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டு முற்றுப்புள்ளியின் அறைக்குப் போனேன். அக்கா ஒரு தாளில் 'சார் அறை, 10.15' என்று எழுதிக்கொண்டு வந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். காலி எண், என் மனைவி, இல்லாத கடை, இல்லாத ஆள், நேற்று வீட்டில் தெரிந்துகொண்டது, எதையும் விடவில்லை. வெளியே இருந்தவர்கள் வேலை செய்கிற பாவனையைக்கூட விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தடுப்பின் மகிமை.

முற்றுப்புள்ளி மேசை மேல் இருந்த மாதிரிப் பக்கத்தை இழுத்துக்கொண்டார். தன் எட்டு வரியின் மேல் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார். பக்க ஓரத்தில் 'இரண்டு தலைப்பு' என்று எழுதினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"உங்க கட்டுல எத்தனை சீட்டு?"

நானும் ஓய்வு நேரத்தில் சேகரித்தவன்தான். "நாலாயிரத்து முன்னூத்திப் பன்னண்டு" என்றேன்.

"எடுத்துக் கட்டுங்க. இனிமே சீட்டுல உங்க கையெழுத்து வரக் கூடாது. அச்சுத் தாள்ல புள்ளி, கமா பாருங்க."

நான் கையெழுத்துப் போட்ட மற்றவர்களின் சீட்டை எல்லாம் என்ன செய்வது என்று கேட்டேன். அதை அக்கா மறுபடியும் பார்த்துத் தன் கையெழுத்தைப் போடட்டும், எத்தனை மாதம் ஆனாலும் சரி என்றார் முற்றுப்புள்ளி. அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அறையை விட்டு வெளியே வந்ததும் அக்கா நேராகத் தன் மேசைக்குப் போனார். ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். கதவு, மாத்திரை, கோப்பு, சார் அறை, எல்லாவற்றையும் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூணு வாரம் தம்பி. எங்கம்மா எப்படிப் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தீங்க."

ஆமாம் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் கைப்பையைத் திறந்து உள்பக்க ஜிப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். எங்கள் சீட்டு அட்டைதான்.

"உங்க கட்டோட இதையும் வெச்சுக் கட்டுங்க. எனக்கு இனிமே தேவையில்ல."

சாயங்காலம் அவர் கிளம்பும்போது கதவருகே யாரோ எதையோ சொல்ல, சட்டென்று நின்று குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். சொல் ஏதோ அகப்பட்டிருக்கிறது. மூன்று வாரமாக அவர் குறிப்பேட்டைத் தொட்டதை நான் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு என் சீட்டுகளை இழுப்பறைகளிலிருந்து உருவி எடுத்துப் பின்னறையில் அடுக்கினேன். அந்த ஆசிரியரின் தொள்ளாயிரமும் அங்கேயேதான் இருந்தது, நூல் பழுத்துப் போயிருந்தது. அதன் பக்கத்தில் என் நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டையும் வைத்தேன், மேலே அந்த 6,118ஐ வைத்தேன். கடைசியாக அக்கா கொடுத்த அட்டையை எடுத்துப் படித்தேன்.

நாங்கள் சீட்டு எழுதுகிற ஒழுங்கிலேயே எழுதியிருந்தார். மூலையில் 'நான்' என்று இருந்தது. நடுவில் அவர் பெயர், வீட்டு எண், தெரு, பிறகு ஒரு வாக்கியம்: 'வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தால் தயவுசெய்து என் தங்கைக்குச் சொல்லுங்கள்.' தங்கையின் தொலைபேசி எண்ணும், அந்த முகம் வரவே மாட்டேங்குது என்று என்னிடம் வந்து சொன்ன அன்றைய தேதியும் இருந்தன. இடப்பக்கம் அவருடைய சேகரிப்பு எண். எழுத்தில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பெயர் சரி. வீட்டு எண் சரி, தெரு சரி. தங்கையின் எண்ணை என் கைபேசியில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அதுவும் சரி. வலப்பக்கம் சரிபார்த்தவர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது. பேனாவை மூடிப் பையில் போட்டுவிட்டு, அட்டையை மேலே வைத்து நூலைக் கட்டினேன்.